அளவுக்கு நின்றவள்

படத்தில் ஆள் இருந்தாள். படத்துக்குக் கீழே, அளவுக்கு நின்றது யார் என்று எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

முதலில் பார்த்தபோது சாருக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் எப்போதும் இப்படித்தான். ஐந்து நாள் டூர் போய்ப் பழைய கட்டடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எடுத்த நானூறு படங்களையும் லாரியிலிருந்து மணலைச் சரிக்கிற மாதிரி துறையின் பொது ஆல்பத்தில் கொட்டிவிட்டு, மிச்சத்தை சார் பார்த்துக்கொள்வார் என்று தூங்கப் போய்விடுவார்கள். எந்தக் கட்டடம், எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, அளவுக்கு நின்றவர் யார் என்று படத்துக்கு நாலு வரி எழுதச் சொன்னால், வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்ட மாதிரி யோசிப்பார்கள்.

கட்டடக்கலை படிக்கிறவர்களுக்கு அந்த நாலாவது வரிதான் முக்கியம். ஒரு தூணைத் தனியாகப் படம் எடுத்தால் அது பத்தடித் தூணா நாற்பதடித் தூணா என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் சொல்லிவிடலாம். அதற்காகக் கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிடித்து, கைகளைத் தொங்கவிட்டு, முகவாயை நிமிர்த்தி, சுவரோடு சுவராக நிற்கவைப்பார்கள். அழகாக இருக்கவேண்டும் என்பதில்லை, சிரிக்கவேண்டும் என்பதும் இல்லை. உயரம் எத்தனை என்று தெரிந்தால் போதும்.

இந்தப் படத்தில் நின்ற பெண்ணும் அப்படித்தான் நின்றாள், நீளமான தாழ்வாரத்தின் பாதி தூரத்தில். இரண்டாவது படத்தில் ஒரு படிக்கட்டின் அடியில். மூன்றாவதில் செங்கல் வளைவுக்குக் கீழே. எழுதவேண்டிய இடம் எல்லாவற்றிலும் காலி.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி இருக்கும். கல்லூரியில் ஆள் நடமாட்டம் கிடையாது. முதல் மாடியில் இருந்த படப்பிடிப்பு அறையில் சார் மட்டும் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திரைத்தட்டிகளின் இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாக மேஜைமேல் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வகுப்பறையில் பிள்ளைகள் மாதிரிக் கட்டடம் செய்து மிச்சம் வைத்த பசையின் புளித்த நெடி கதவிடுக்கு வழியாக வந்தது. எங்கோ ஒரு குழாய் சரியாக மூடப்படாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அதுவும் பழக்கமான சத்தம்தான். இருபத்தாறு வருடமாக அவர் அந்தக் குழாயைப் பற்றிப் புகார் எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் அங்கே புகைப்படமும் கட்டட அளவெடுப்பும் சொல்லிக்கொடுப்பவர். ஆனால் மூன்று வருடமாக டூருக்குப் போவதில்லை. முட்டிவலி என்று சொல்லியிருந்தார். முட்டிக்கு அதுபற்றி ஒன்றும் தெரியாது. அவருக்குப் பதிலாக ஓர் இளவயது மேடம் பிள்ளைகளைக் கூட்டிப்போனாள். அவர் இந்த அறையில் உட்கார்ந்து ஆல்பத்தை ஒழுங்குபடுத்துவார். தன் மனசாட்சியோடு மூன்று வருடத்துக்கு முன் பேரம் பேசிப் படிந்த ஏற்பாடு அது: டூர் கிடையாது, கேமராவைத் தொடுவது கிடையாது, ஆல்பம் மட்டும். இரண்டு தரப்புக்கும் கட்டுப்படியாகத்தான் இருந்தது.

பதினோராவது படத்திலும் கீழே காலியாக இருந்ததும் வகுப்பு லீடர் பெண்ணுக்குப் போன் போட்டார். அவள் தூக்கத்திலிருந்து எழுந்துவந்தவள் போலப் பேசினாள். எல்லாம் எழுதியாச்சே சார் என்றாள். அளவுக்கு நின்றது யார் என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டதும் அவளுக்குக் கேள்வியே புரியவில்லை.

"யாரும் நிக்கல சார். ஆள் நிறுத்தக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கே, நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கம்பு மட்டும்தான் வச்சோம்."

உண்மைதான். மூன்று வருடத்துக்கு முன் அவரேதான் போட்டார். அதிலிருந்து எந்தப் படத்திலும் ஆளுக்குப் பதிலாக ஒரு கம்பு. அடிக்கு அடி சிவப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசிய ஐந்தடிக் கம்பு.

"சரி, கம்பு பக்கத்துல நிக்கிறது யாரும்மா?"

அவள் வீட்டில் யாரோ மிக்ஸி போட்டு நிறுத்தினார்கள்.

"நாங்க வெளியாளுன்னு நினைச்சோம் சார்," என்றாள் குரலைத் தாழ்த்தி. "பஸ்ல வரும்போது படத்தப் பாத்துட்டுப் பேசிக்கிட்டோம். ஆனா எடுக்கும்போது அங்க யாரும் இல்ல சார். கேமரா கோளாறா இருக்கும்னு விட்டுட்டோம்."

எந்தக் கேமரா என்று கேட்டார்.

"கேமரா இல்ல சார், போன்தான். அவங்கவங்க போன்ல எடுத்தது. இருபத்தாறு போன்."

வைத்துவிட்டார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தாழ்வாரப் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். தூணோரம் கம்பு சாய்த்து வைக்கப்பட்டிராமல் நிமிர்ந்து நின்றது. கம்புக்கு ஒரு சாண் தள்ளி அந்தப் பெண். முகம் நிழலில் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. கை தானாக மேஜை இழுப்பறையில் இருந்த அடிக்கோலை எடுத்துத் திரைமேல் படுக்கையாக வைத்தது. தொழில் பழக்கம். கம்பின் உச்சியும் அவள் உச்சந்தலையும் ஒரே கோட்டில் இருந்தன. படிக்கட்டுப் படத்தில் வைத்துப் பார்த்தார். வளைவுப் படத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு நூல் ஏறவில்லை, ஒரு நூல் இறங்கவில்லை.

ஐந்தடி.

அந்த வார்த்தை ஒரு காலத்தில் அந்தத் துறையில் ஒரு பெண்ணின் பெயராக இருந்தது. முதல் வருடம் உயரம் அளந்தபோது சரியாக ஐந்தடி இருந்தவள் வகுப்பிலேயே அவள் ஒருத்திதான். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அவள் அஞ்சடி. அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கேட்டால், கடையில் பொருள் வாங்கும்போது அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டீர்களா, அப்படி நான் முத்திரை குத்தின சரக்கு என்பாள். சாருக்கு அவளைவிட வசதியான ஆள் கிடையாது. அவள் பக்கத்தில் நின்றால் தூண் அவள்போல் மூன்று மடங்கு, ஆக பதினைந்தடி என்று மனக்கணக்கிலேயே முடிந்துவிடும். இரண்டு வருட டூரில் அவர் எடுத்த எல்லாப் படத்திலும் அவள்தான் நின்றாள். எங்கே போனாலும் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவர் முதலில் தேடியது வெளிச்சத்தை, அடுத்தது அவளை.

மூன்றாவது வருட டூரில் அவள் இறந்துபோனாள்.

சார் அடிக்கோலை மேஜைமேல் வைத்தார். அது சறுக்கிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை. ஆல்பத்தில் போன வருடத்துப் பகுதியைத் திறந்தார். ஒவ்வொரு படமும் அவரே பார்த்து, தலைப்புக் கொடுத்து, வரிசைப்படுத்தியது. கம்பைப் பார்த்திருந்தார், சுவரைப் பார்த்திருந்தார். தாழ்வாரத்தின் கடைசியில், பொட்டு அளவில், மஞ்சளாக ஏதோ இருந்ததைப் பார்க்கவில்லை. இப்போது பெரிதாக்கினார். புள்ளி புள்ளியாகச் சிதறியது. ஆனாலும் தெரிந்தது. கைகள் தொங்கியிருந்தன. முகவாய் நிமிர்ந்திருந்தது. அதற்கு முந்தைய வருடத்துப் படங்களில் இன்னும் தூரத்தில், எதிர்க் கட்டடத்தின் ஜன்னலில், மதில் கோடியில், ஓர் எறும்பு அளவு.

வருடா வருடம் கிட்டே வந்திருக்கிறாள்.

அந்தப் படங்களுக்கெல்லாம் கீழே ஒரே ஒரு ஆள் விருப்பம் தெரிவித்து இதயக் குறி போட்டிருப்பதையும் அப்போதுதான் கவனித்தார். இருபத்தாறு பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் பழைய மாணவர்களும் இருக்கிற ஆல்பத்தில் யாராவது எதற்காவது இதயம் போடுவது சகஜம். அவர் அதையெல்லாம் பார்ப்பதில்லை. இந்த ஆள் மஞ்சள் பொட்டு இருக்கிற படத்துக்கு மட்டும் போட்டிருந்தாள். எறும்பு அளவு இருந்ததற்கும் போட்டிருந்தாள். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. ஆல்பத்தில் அவள் தன் பெயருக்குப் பதிலாக வைத்துக்கொண்டிருந்தது: அஞ்சடியோட அம்மா.

சார் எழுந்து கதவைத் திறந்து வைத்தார். வெளியே நீளமான நடை வெயிலோடு காலியாகக் கிடந்தது. திறந்தது தப்போ என்று தோன்றியது. சாத்தினார். சாத்தியதும் அறை சின்னதாகிவிட்டது. மறுபடி திறந்தார்.

இந்த வருடத்துப் படங்களைக் கடைசியிலிருந்து பார்க்கத் தொடங்கினார். டூரின் கடைசி நாள். கல் மண்டபம் ஒன்று. இதில் அவள் இருபதடி தூரத்தில்தான் நின்றாள். மஞ்சள் சுடிதார். தோளிலும் தலையிலும் மாவு தூவிய மாதிரி தூசி. அந்தத் தூசி அவருக்குத் தெரியும். அவள் இறந்த பழைய தானியக் கிடங்கின் தூசி. மண்டபமும் தூணும் கம்பும் கத்தி வைத்து வெட்டியது போலத் தெளிவாக இருந்தன. முழங்கால்வரை அவளும் தெளிவாகத்தான் இருந்தாள். முழங்காலுக்குக் கீழே மட்டும் படம் கலங்கியிருந்தது. அடுத்த படம். அதிலும் கால்கள் மட்டும் கலங்கியிருந்தன. இருபத்தாறு வருடமாகப் படம் எடுப்பவருக்கு அது எதனால் என்று யாரும் சொல்லவேண்டாம். எடுக்கிறவர் கை ஆடினால் எல்லாமே கலங்கும். கால் மட்டும் கலங்கினால், ஆடுவது கால்.

நடுங்கிக்கொண்டிருந்தாள். நின்று நின்று.

அவருக்குப் பயம் போய் ஒரு நிமிடம் வேறொன்று வந்தது. பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் மறந்துவிட்டு வந்தவனுக்கு வருமே, அது. ஏனென்றால் இந்தத் துறையில் அளவுக்கு நிற்கிறவர்களுக்கு ஒரே ஒரு கட்டளைதான் உண்டு, அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். படம் எடுக்கிறவர் வாயைத் திறந்து 'ஆச்சு' என்று சொல்லும்வரை அசையக் கூடாது. கொசு கடித்தாலும், மழை வந்தாலும், பின்னால் பஸ் கிளம்பினாலும். அவள் அதில் கெட்டி. ஒருமுறை அவர் லென்ஸ் மாற்றப் போய், யாரோ கூப்பிட்டார்கள் என்று டீ குடித்துவிட்டு, முக்கால் மணி கழித்து வந்து பார்த்தால், அவள் கொதிக்கிற வெயிலில் அதே சுவரில் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தாள். பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும்தான்.

கிடங்கில் அவர் ஆச்சு என்று சொல்லவில்லை. சொல்ல நேரம் இருக்கவில்லை.

மேஜைமேல் போன் துள்ளியது. அவர் நாற்காலியோடு பின்னால் போனார். திரையில் அஞ்சடியின் அம்மாளுடைய நம்பர். மூன்று வருடத்தில் அவள் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டிருக்கிறாள். முதல் மாதத்தில், கடைசியாக எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா சார் என்று கேட்டாள். கேமராவில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது, எதுவும் எடுக்கவில்லை என்று சொல்லியிருந்தார். விசாரணைக் குழுவிடமும் அதையேதான் சொன்னார். அளவெடுப்பு அன்று நடக்கவே இல்லை, பெண் தானாக விளையாட்டுத்தனமாக அந்தப் பக்கம் போய்விட்டாள் என்றார்.

எடுத்தார்.

அந்த அம்மாள் முதலில் நலம் விசாரித்தாள். முட்டிவலி எப்படி என்றாள். இந்த வருடம் பிள்ளைகள் நிறைய இடம் போயிருக்கிறார்களே, மண்டபமெல்லாம் ரொம்ப அழகு என்றாள். கல்யாண வீட்டு ஆல்பம் பார்த்தவள் மாதிரி பேசிக்கொண்டே வந்தவள், பேச்சை மாற்றினாள்.

"புள்ள மெலிஞ்சு போயிட்டா சார். போன வருஷம் தூரத்துல இருந்ததால எனக்குத் தெரியல. கால் நடுங்குது, பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றார்.

"அவள எப்ப சார் வீட்டுக்கு விடுவீங்க?"

அவள் சண்டைக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்கிற குரல். அந்தக் குரலுக்கு எதிரே மூன்று வருடமாக அவர் கட்டிவைத்திருந்த எதுவும் நிற்கவில்லை. சொன்னார். கேமராவில் சார்ஜ் இருந்தது. கிடங்கின் மேல்மாடியில் பெரிய வளைவு ஒன்று, மூட்டை ஏற்றி இறக்க வைத்தது. அதன் அளவுக்காக அவளை அதனடியில் நிறுத்தினார். எல்லாம் சரியாக வந்தது, பாதம் மட்டும் படச் சட்டத்துக்குள் வரவில்லை. பாதம் தெரியாவிட்டால் உயரத்தை எங்கிருந்து எண்ணுவது? அந்தப் படம் உதவாது. அதனால் ஓரடி பின்னால் போகச் சொன்னார். போனாள். இன்னும் ஓரடி என்றார். அங்கே மூட்டை இறக்கும் துளை இருந்தது. துளையை மூடிப் போட்டிருந்த பலகை உளுத்திருந்தது. அவர் கண் கேமராவில் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த படத்தில் அவள் இருந்தாள். பிறகு வளைவு மட்டும் இருந்தது.

சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் அழுவாள், சபிப்பாள் என்று காத்திருந்தார். சபித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"தெரியும் சார்," என்றாள். "அவ யாரும் சொல்லாம ஓரடி நகர மாட்டா."

பிறகு தன்பாட்டில் பேசுகிறவள் போல, மகளுக்கு நிற்பதில் ஆசையே இருந்ததில்லை என்றாள். எடுப்பதில்தான் ஆசை. ஒவ்வொரு டூருக்கும் கிளம்பும்போது, இந்தத் தடவை சார் கேமராவைக் கொடுப்பார் அம்மா என்று சொல்லிவிட்டுப் போவாளாம். வந்ததும் கேட்டால், அடுத்த தடவை என்பாளாம்.

"இனி போதும் சார். சொல்லிடுங்க. வந்துடட்டும்."

எப்படிச் சொல்வது, எங்கே போய்ச் சொல்வது என்று அவர் கேட்கவில்லை. அலமாரியின் அடித்தட்டில், பழைய லென்ஸ் டப்பா ஒன்றில் அந்த மெமரி கார்டு பஞ்சுக்கு நடுவே இருந்தது. கணினியில் செருகினார். இரண்டே படங்கள் வேண்டியவை. ஒன்றில் வளைவும் அவளும். கணுக்காலோடு படம் முடிந்துபோயிருந்தது. அடுத்ததில் வளைவு, வளைவுக்குக் கீழே எழும்பிக்கொண்டிருந்த தூசி. முதல் படத்தை ஆல்பத்தில் ஏற்றினார். கட்டடம்: தானியக் கிடங்கு. பக்கம்: மேல்மாடி. வெளிச்சம்: மேற்கு. அளவுக்கு நின்றவர் என்ற இடத்தில் அவளுடைய முழுப் பெயரையும் எழுதினார். அப்படி எழுதியது அதுதான் முதல் தடவை. எப்போதும் அஞ்சடி என்றுதான் போட்டிருந்தார். எடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயர்.

அதற்குக் கீழே கருத்து எழுதும் இடத்தில் தட்டினார். வாய்விட்டும் சொன்னார்.

"ஆச்சும்மா. ஆச்சு."

குழாய் சொட்டுவது நின்றது.

மண்டபப் படத்தைத் திறந்தார். கம்பு இருந்தது. தூண் இருந்தது. அவள் இல்லை. படிக்கட்டில் இல்லை. தாழ்வாரத்தில் இல்லை. அவள் நின்றிருந்த இடத்தில் தரையில் இரண்டு பாத அளவுக்குத் தூசி கலைந்திருந்தது, அவ்வளவுதான். போன வருடம், அதற்கு முந்தைய வருடம், எல்லாம் பார்த்தார். பொட்டும் எறும்பும் போய்விட்டன. சார் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, கல்லூரியில் யாரும் இல்லை என்ற தைரியத்தில், வாய்விட்டு அழுதார். மூன்று வருடத்து அழுகை. மூக்கு சிந்திக் கைக்குட்டையை மடித்து வைத்தபோது, உடம்பு காய்ச்சல் விட்டது மாதிரி இலேசாக இருந்தது. திங்கட்கிழமை துறைத் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். வேலை போகலாம். போகட்டும்.

கணினியில் டிங் என்று மணி கேட்டது. ஆல்பத்தில் புதிய படம் ஒன்று வந்திருந்தது. ஏற்றியவர்: அஞ்சடியோட அம்மா.

அவள் இதுவரை இதயம்தான் போட்டிருக்கிறாள். படம் எதுவும் ஏற்றியதில்லை. அது அவள் வீட்டு வாசல். கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே மிதியடியும் செருப்பு அடுக்கும் தெரிந்தன. மகள் வருவதற்காகத் திறந்து வைத்துப் படம் எடுத்திருக்கிறாள் போல. சாருக்கு மறுபடி கண் கலங்கியது.

மறுபடி டிங். சமையலறை. மேடை, அடுப்பு, எண்ணெய்ப் பிசுக்கேறிய ஜன்னல். நடுவில் அந்த அம்மாள், கைகளைத் தொங்கவிட்டு, முகவாயை நிமிர்த்தி. படம் அருமையாக இருந்தது. செங்குத்துக் கோடுகள் சாயவில்லை, வெளிச்சம் சரியான பக்கத்திலிருந்து விழுந்தது. தேர்ந்த கை. யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லியிருப்பாள் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய கண், பழக்கத்தில், மேடையின் கோட்டையும் அலமாரியின் கோட்டையும் பிடித்துக்கொண்டு ஓடியது. ஒரு படத்தில் கோடுகள் எல்லாம் ஓடிச் சேர்கிற மட்டம் எதுவோ, அதுதான் எடுத்தவருடைய கண்ணின் உயரம். முதல் வருடப் பாடம். கோடுகள் அம்மாளின் முகவாய் மட்டத்தில் போய்ச் சேர்ந்தன. அந்த அம்மாள் ஐந்தடி நாலங்குலம் இருப்பாள். ஆக, எடுத்தவரின் கண் தரையிலிருந்து நாலடி எட்டு அங்குலம்.

ஆளின் உயரம் ஐந்தடி.

டிங். கூடம். அம்மாள் சோபாவுக்குப் பின்னால். அவள் வலது கையில் அவளுடைய போன் இருந்தது. படத்தை ஏற்றுகிற போன். எடுப்பது அது அல்ல.

டிங். கூடம்தான். அம்மாள் ஓரடி பின்னால்.

டிங். படுக்கையறை வாசல். இன்னும் பின்னால். அவளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு. கதவுக்குப் பின்னால் வெளிச்சம். துவைத்த துணிகள்.

பால்கனி.

நாலாவது மாடி. துக்கம் கேட்கப் போன அன்று அவர் மூச்சு வாங்க ஏறிய நாலு மாடி.

போன் போட்டார். மணி போனது. எடுக்கவில்லை. நிற்கிறவர் அசையக் கூடாது. மறுபடி போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, ஆல்பத்தில், படத்துக்குக் கீழே தட்டினார். ஆச்சு. ஆச்சு. எல்லாப் படத்துக்குக் கீழேயும் தட்டினார். ஆச்சும்மா, ஆச்சு, விடு. அந்த எழுத்துகள் அங்கே சும்மா கிடந்தன. அதைச் சொல்லவேண்டியவர் படத்தை எடுக்கிறவர். எடுப்பது அவர் இல்லை.

டிங்.

கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. கொடியில் துணிகள் காற்றில் ஒரு பக்கமாகத் தூக்கியபடி உறைந்திருந்தன. அந்த அம்மாளின் முதுகு கைப்பிடிக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கம்பி அவள் இடுப்புக்குக் கீழே இருந்தது. இரண்டே முக்கால் அடி. அவர் வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தபோதே அவர் கண் அதையும் எண்ணி முடித்திருந்தது. அவள் கையில் போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவர் காதில் இன்னும் மணி போய்க்கொண்டிருந்தது. அவள் போனைப் பார்க்கவில்லை. எதிரே, தன் முகவாய் மட்டத்தில், கேமராவுக்குப் பின்னால் நிற்கிற ஆளைப் பார்த்து, மூன்று வருடமாக யாரும் பார்த்திராத ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டிருந்தாள், பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையைப் பார்க்கிற தாய் மாதிரி.

நல்ல படம். மேலே கூரையின் விளிம்பு முழுசாக வந்திருந்தது. இரண்டு பக்கச் சுவரும் வந்திருந்தன. கொடி, துணி, வானம், எல்லாம் சட்டத்துக்குள் இருந்தன. அவளுடைய பாதம் மட்டும் இன்னும் வரவில்லை.